கதவு ஒன்று என்று எழுதியவன்

குடிநீர்ப் பிரிவில் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஏழைகளுக்குத் தண்ணீர்க் கட்டணத்தில் சலுகை என்று உத்தரவு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. யார் ஏழை? டீயும் முறுக்கும் தீர்ந்த பிறகு கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். ஒரு இணைப்பில் தண்ணீர் குறைவாகப் புழங்கினால் ஏழை. அதிகம் புழங்கினால் வசதியானவர், ரேட் ஏறும். மீட்டர் பொய் சொல்லாது என்றார் எங்கள் உதவிப் பொறியாளர் ஏ.இ. நானும் பலமாகத் தலையாட்டினேன்.

என் வார்டில் முதல் ஏழையாகத் தேறியவர் பனியன் கம்பெனி முதலாளி தங்கராசு. பங்களாவில் இரண்டே பேர். குளிக்க, துவைக்க, தோட்டத்துக்கு எல்லாம் போர்வெல். எங்கள் குழாய்த் தண்ணீர் குடிக்க மட்டும். சலுகைச் சீட்டை நீட்டினேன். மனுஷர் கூச்சப்படவே இல்லை.

"கவர்மென்ட்டு குடுக்கறத வேண்டாம்னு சொல்லப்படாதுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

பங்களாவுக்குப் பின்னால் அவருடைய லைன் வீடு. ஒன்பது குடும்பம், ஒரே குழாய், ஒரே மீட்டர். ஒன்பது வீட்டுப் புழக்கமும் ஒரே கணக்கில் ஏறியதால் வார்டிலேயே பெரிய பணக்காரர்கள் அவர்கள்தான் என்றாகிவிட்டது. பில்லைக் குடியிருப்பவர்களே பங்கு போட்டுக் கட்ட வேண்டும். முடியவில்லை. வெள்ளிக்கிழமை இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு.

வியாழக்கிழமை ஜெபராணி லீவு போட்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், அந்த லைன் வீட்டில் குடியிருந்துகொண்டு தங்கராசு கம்பெனியிலேயே தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. வீடு வீடாகப் பிரித்துப் பார்த்தால் நாங்கள் ஒன்பது குடும்பமுமே சலுகைக்குள் வருவோமே என்றார். ஏ.இ. ரிஜிஸ்டரைப் புரட்டிக் காட்டினார். அந்த இடத்துக்குக் கதவு, அதாவது வீடு, ஒன்றுதான் என்று இருந்தது.

"கதவு ஒண்ணுதான்னா, மாசாமாசம் ஒம்பது வாடகை எப்படி சார் வாங்குதாவ?"

ஏ.இ. என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். பதினோரு வருஷமாக 'கதவு 1' என்று எழுதியவன் நான்தான். ஒன்பது என்று எழுதினால் வீட்டு வரியும் ஒன்பதாகும் என்று தங்கராசு முதல் வருஷமே சொல்லிவிட்டார். லஞ்சமெல்லாம் தரவில்லை, அப்படிப்பட்டவர் இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி காலர் வைத்த பனியன் ஆறு, எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று சொல்லிக் கொடுப்பார். அவ்வளவுதான்.

மதியமே போய் எண்ணினேன். ஒன்பது. ரிப்போர்ட் எழுதும்போது தங்கராசு போன் செய்தார். கோபமே இல்லை, அதே மரியாதை.

"ஏனுங்க, போன வருசம் வரைக்கும் ஒண்ணாத்தானுங்களே இருந்துச்சு?"

போனை வைத்தேன். ஒன்பது என்றே எழுதினேன். துண்டிப்பு நின்றது, ஒன்பது வீட்டுக்கும் சலுகை வந்தது. தங்கராசுவின் சலுகையும் தொடர்கிறது. மீட்டர்படி அவர் இன்னும் ஏழைதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, மீட்டரைப் பார்க்கும் முன் கதவை எண்ணுங்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அன்று ரிப்போர்ட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜெபராணி நான் போட்டிருந்த காலர் பனியனின் தோள் தையலையே உற்றுப் பார்த்தார்.

"இது எங்க கம்பெனி பீஸுதான் சார். தையல் கோணல்னு நாந்தான் ரிஜெக்ட் போட்டேன்."