இவர் ஓடாமல் விட்ட சைக்கிள்

பாரிஸிலிருந்து லண்டனுக்கு வந்தபோது என் கணவர் கொண்டுவந்தது ஒரு பெட்டி உடுப்பும் ஒரு பச்சை ரேஸ் சைக்கிளும்தான். யாரோ வயதான பிரெஞ்சுக்காரர் விற்ற பழைய சாமான். வளைந்த ஹாண்டில், மெல்லிய டயர். இல்ஃபோர்டில் நாங்கள் வீடு எடுத்த பிறகும் வேலைக்கு அதில்தான் போய்வந்தார். மழை என்றாலும் பஸ் ஏறமாட்டார்.

மகளுக்கு ஏழு வயதாயிருந்தபோது, தெருவோரம் நின்ற காரின் கதவை யாரோ பாராமல் திறக்க, இவர் அதில் மோதி விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "இனி உதிலை ஏறினால் நான் உங்களோடை கதைக்கமாட்டன்" என்றேன்.

"சரி, இனி ஓடமாட்டன்" என்றார். சைக்கிளைப் பின்வளவுக் கொட்டிலில் வைத்துப் பூட்டினார். பதினொரு வருசம் அது அங்கேயே கிடந்தது.

போன மார்கழியில், வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை. ஐம்பத்து மூன்று வயது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, சனம் வந்துபோவது குறைந்த பிறகு கொட்டிலைத் திறந்தேன். செயின் கறள் பிடித்து இறுகியிருந்தது. டயர் தொட்டால் உதிர்ந்தது. எறிய மனம் வரவில்லை. அப்படியே விட்டுவைக்கவும் முடியவில்லை. எங்கள் தெருவுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில், சனிக்கிழமைகளில் பழைய சைக்கிள்களைக் கொண்டுபோய் நாமே திருத்தலாம். அங்கிருந்த மெக்கானிக், ஒரு வெள்ளைக்காரப் பெண், காட்டித்தரத்தர நானே கறளை உரஞ்சினேன், செயின் மாற்றினேன், டயர் போட்டேன். நகத்துக்குள் போன கிறீஸ் கிழமைக்கணக்காய்ப் போகவில்லை.

பிரேக்கைப் பார்த்தபோது அவள், "இந்தப் பிரேக் கட்டைகள் மட்டும் புத்தம் புதிது. ஒருநாள்கூட ஓடவில்லை" என்றாள்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன்.

"போன சமர் லீவில அப்பாதான் வாங்கிப் போட்டவர். அம்மாட்டைக் கேட்டுப்போட்டு மிச்சத்தைத் திருத்துவம் எண்டவர். கேட்கேல்லையோ?"

கேட்டவர். அன்றைக்கு நான் சோறு வடித்துக்கொண்டு நின்றேன். "டொக்டர் உடம்பை அசைக்கச் சொல்லுறார். சைக்கிளை எடுத்துப் பாக்கட்டோ?" என்றார். நான் திரும்பியும் பார்க்கவில்லை. "ஏன், நடக்க ஏலாதோ?" என்றேன். அவர் வேறு கதை கதைக்கத் தொடங்கினார். நான் பயப்படுவேன் என்றுதானே முதலில் பிரேக்கைத் திருத்தியிருக்கிறார். ஓடியிருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாரா? டொக்டரிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவில்லை.

திருத்தவேலை முடிந்த சனிக்கிழமை, சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு ஓடத் தெரியாது. பின்சில்லு கிரிக் கிரிக் என்று விடாமல் சத்தம் போட்டபடி வந்தது. சின்ன வயதில், அப்பா வேலையால் வருகிறார் என்று மகள் பின்னேரங்களில் காத்திருந்து கேட்ட சத்தம். நான் அதை நினைக்கவேயில்லை. பக்கத்து ஒழுங்கையால் பின்வாசலுக்குத் திரும்பும்போது, உள்ளே அவள் மாடிப்படியில் தடதடவென்று இறங்குவது கேட்டது. கதவைத் திறந்தவள் என்னைக் கண்டு அப்படியே நின்றாள்.

"நீங்களோ அம்மா" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அவள் வாசற்படியில் குந்திவிட்டாள். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நானும் பக்கத்தில் போய் இருந்தேன்.