ரொட்டிக்கடை அக்காவும் குழாய் கேஸும்

ரொட்டிக்கடை அக்காவிடம் வாய் கொடுத்து மீண்டவர் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. நான் கொத்தனார். இந்தப் பக்கத்தில் பாதிச் சுவர் என் கையால் எழுந்தது. இருந்தும் பூச்சுக் கரண்டியோடு நான் அவள் கடைக்குள் நுழைந்தால், செங்கல்லை எப்படி வைப்பது என்று அவள்தான் எனக்குச் சொல்லித் தருவாள். ஆள் குள்ளம். கை மட்டும் பயில்வான் கை. இருபத்திரண்டு வருஷம் மாவு பிசைந்த கை.

கடை ஒரே நீள அறை. முன்னால் கண்ணாடி அலமாரி, நடுவில் மாவுத் தொட்டி, பின்சுவரை ஒட்டி இரும்பு அடுப்பு, அதற்குப் பக்கத்தில் ஆறு சிலிண்டர். தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அக்கா மண்டி போட்டு, மூக்கைத் தரையோடு வைத்து மோந்து பார்ப்பாள். சிலிண்டர் கேஸ் கசிந்தால் தண்ணீர் மாதிரி கீழேதான் தேங்கும். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், வேனில் கடைகடையாக ரொட்டி போடுகிறவர். அவர் தினமும், "என்ன, ஏதாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

இந்த வருஷம் வந்தது வினை. காலுக்குக் கீழே ஆறு சிலிண்டரா என்று மாடியில் குடியிருப்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். கட்டடச் சொந்தக்காரர் நல்ல மனுஷன், ஆனால் தொடைநடுங்கி. மாசக் கடைசிக்குள் குழாய் கேஸுக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். காலி செய்வது லேசா? அந்த அடுப்பைக் கழற்றினால் மறுபடி பூட்ட முடியாது. கடை போனால் அடுப்பும் போச்சு, பிழைப்பும் போச்சு.

தெருவில் குழாய் ஏற்கெனவே புதைத்திருந்தார்கள். அக்கா இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்தாள். ஆட்கள் வந்து வெளிச்சுவரில் மீட்டர் மாட்டி, மஞ்சள் குழாயை அடுப்பு வரை இழுத்து, புது கேஸுக்குத் தனி பர்னரையும் பொருத்திவிட்டுப் போனார்கள். அதுவரை பழைய பர்னரில் சிலிண்டர்தான். கேஸ் ஆபீஸ் ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கேஸைத் திறப்பார்கள். கசிந்த கேஸ் வெளியே போக சுவரில் வழி வேண்டும் என்று அவர்கள் கொடுத்த தாளில் இருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டு, பின்சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு ஓட்டை போடச் சொன்னாள். ஏன் கீழே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திட்டு விழும். ஓட்டை போட்டு, வலை அடித்து, விளிம்பைப் பூசி வழவழவென்று முடித்தேன்.

கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது மதியம் ஒரு பெண் பரிசோதிக்க வந்தாள். தலையில் ஹெல்மெட், கையில் அளவு டேப். என் ஓட்டைகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"மேல வழி எங்கம்மா?"

மேலே இருந்த சந்து பொந்தையெல்லாம் அக்கா அட்டை வைத்து அடைத்திருந்தாள். காற்று பட்டால் மாவு பொங்காது, தோல் கட்டிப்போகும்.

"கேஸ் கீழதான் போகும். இருபத்திரண்டு வருஷமா தரைய மோந்துக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அது சிலிண்டர் கேஸ். இது காத்த விட லேசும்மா. கசிஞ்சா மேல போய் நிக்கும்."

அக்கா தலையைத் தூக்கி, தான் அடைத்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இனிமே மோந்து பாக்க உனக்கு ஏணிதான் வாங்கணும்" என்றார் மாமா. நான் சிரித்துவிட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் பெண் கறாராகச் சொன்னாள். தெருவில் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும், நாலு மணிக்குத் திரும்பி வருவேன், வெறும் சந்து போதாது, மேலே அளவான ஓட்டை இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் அடுத்த மாசம். அடுத்த மாசம் கடை ஏது?

நான் ஏணியைப் போட்டு மாவுத் தொட்டிக்கு நேர் மேலே ஏறினேன். அங்கேதான் சுவர் மெல்லிசு. அக்கா என் காலைப் பிடித்து இழுத்தாள்.

"எறங்குடா. அங்க போட்டா காத்து நேரா மாவு மேலதான் விழும்."

ஒரு சிட்டிகை மாவை எடுத்து அந்தரத்தில் ஊதினாள். தொட்டிக்கு மேலே அது தயங்கித் தயங்கிக் கீழே இறங்கியது. அடுப்பு அணைந்திருந்தாலும் காலைச் சூடு அடங்கவில்லை. அங்கே போய் ஊதினாள். மாவு புகை மாதிரி மேலே ஏறியது.

"இங்க போடு. இந்தச் சூட்டுக்கு காத்து வெளியதான் போகும், உள்ள வராது."

இருபது வருஷ கொத்தனாருக்கு இது தோன்றவில்லை. ஆனால் அங்கே பீம். பீமுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான், அதிலும் கருங்கல் மாதிரி பழைய செங்கல். டிரில் முனை ஒடிந்தது. உளியைப் பிடித்தேன். கீழே மாமா தார்ப்பாயைத் தொட்டி மேல் விரித்து, தூசி விழாமல் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வெளிச்சம் தெரிந்தது.

அந்தப் பெண் வந்து அளந்தாள், தலையாட்டினாள். புதுக் காற்று உள்ளே வர கீழ் ஓட்டையும் இருக்கட்டும் என்றாள். என் பூச்சு வேலை தப்பித்தது. பிறகு குழாயில் காற்றை அடைத்து அழுத்தமானியை மாட்டினாள். மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவினாள். கால் மணி நேரம் முள் அசையக்கூடாதாம். அக்கா அந்த முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முள்ளும் அசையவில்லை, அவளும் அசையவில்லை.

கையெழுத்து விழுந்தது. தாளில் ஒரு இணைப்பு எண் இருந்தது.

"இது எத்தன நாளைக்கும்மா?"

"நீங்க இந்தக் கடையில இருக்கற வரைக்கும்."

அக்கா மாவுக் கையோடு தாளை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். சண்டை நடக்கும் என்று நானும் மாமாவும் கீழே காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கதவு திறந்தது.

"நாங்க எங்கயும் போகலைங்க" என்றாள். அவ்வளவுதான். இறங்கி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

தீ நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. எனக்கு நல்ல பசி. முதல் தட்டு வெளியே வரும் வரை நான் அங்கிருந்து நகரவில்லை.