கடலுக்குப் புறப்பட்ட கோழிக்கூடு

கோழி வளர்ப்பதற்கு எனக்கிருந்த ஒரே தகுதி, அதை நிறையத் தின்றிருந்தேன் என்பதுதான்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலம் அது. துணிக்கட்டுகளை எண்ண வேண்டும். கோட்டையைக் கடக்கும் படகுகளைப் பார்த்து, "யார் படகு? என்ன சரக்கு?" என்று மதில்மேல் நின்று கத்த வேண்டும். பகலெல்லாம் கூலிக்குக் கத்தியதாலோ என்னவோ, வீட்டில் என் குரல் எடுபட்டதே இல்லை.

மீனும் நண்டும் மலிந்த ஊரில் முட்டைக்கு ஏன் ஏங்கினேன் என்று கேட்பவர்கள், காலையில் மீன், பகலில் மீன், ராத்திரி அதே மீனின் மிச்சம் என்று ஒரு வருஷம் இருந்து பார்க்க வேண்டும். முட்டை வேண்டும், அதுவும் நம் வீட்டிலேயே வேண்டும் என்று முடிவெடுத்தேன். என்ன இனம் வாங்குவது என்பதில்தான் என் படிப்பு குறுக்கே வந்தது. சுவடிகளில் சேவலைப் பற்றிப் பாடியவர்கள் எல்லாரும் அது சண்டை போடுவதைத்தான் பாடியிருக்கிறார்கள். முட்டையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆகவே ஏரிக்கு வடக்கே தெலுங்கு ஊர் ஒன்றிலிருந்து ஒரு சண்டைச் சேவலையும் அதன் இனத்துப் பெட்டைகளையும் கொண்டுவந்தேன். நிமிர்ந்த கழுத்து, இரும்புக் கால். பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டேன்.

"அழகைப் பார்த்துக் கல்யாணமே பண்ணக் கூடாது. கோழி வாங்கலாமா?" என்றாள் என் மனைவி. யாரை மனதில் வைத்துச் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

பெட்டைகள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. எப்போதாவது இட்ட முட்டையும் அந்த யுத்தத்தில் மிதிபட்டது. சேவல் தனக்குச் சரியான எதிரி இல்லாமல் கொஞ்ச நாள் வாடியது, பிறகு என்னைத் தேர்ந்தெடுத்தது. கொல்லைப்புறம் போகும்போதெல்லாம் முறத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு நாள் கோட்டையிலிருந்து திரும்பியபோது சேவல் குழம்பில் இருந்தது. அங்கேயும் அது கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்து, கரையில் தங்கியிருந்த கப்பல் சமையல்காரன் ஒருவனிடம், கடல்கடந்து சாவகத் தீவிலிருந்து வந்த கோழிகளைப் பார்த்தேன். வாத்து வெட்கப்படும் பருமன். முட்டையோ கை நிறைய. ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் வாங்கினேன். அவை முட்டையிட்டன, அதில் குறை சொல்ல முடியாது. ஒன்று அடைக்கும் உட்கார்ந்தது. ஆனால் அது தன் எடையை அறியாத கோழி. எழுந்தபோது அடியில் இருந்தது குஞ்சல்ல, கூழ்.

இனி அடைக்கு வேறு கோழி வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு செவலைப் பெட்டை இருந்தது. சிறியது, அழகில்லாதது, அடையில் உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் எழாதது. அந்த வீட்டுக் கொல்லையில் மேய்ந்த அத்தனை கோழிகளுக்கும் அதுதான் தாய். வீட்டுக்காரி ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே இறால் பிடிப்பவள். பிடிப்பதைப் போட, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அந்த நேரம்தான் அவள் பேசாமலிருக்கும் நேரம். அவள் புருஷன் தோணிக்காரன்.

எங்கள் பக்கத்தில் கோழியை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, கொடுப்பது வழக்கம். அவளும் கொடுத்தாள்.

"முட்டை உங்களுது, கோழி எங்களுது. குஞ்சுல பாதி பாதி. கோழி மட்டும் முழுசா திரும்பி வரணும், ஆமா."

"அதுக்கு நான் பொறுப்புக்கா" என்றாள் என் மனைவி. வீட்டுக்குள் வந்ததும் என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவங்க ஊத்துலதான் நமக்கு நல்ல தண்ணி. அந்தக் கோழிக்கு எதுனா ஆச்சுன்னா நான் அந்த வாசல்ல தலைகாட்ட மாட்டேன். நீங்கதான் குடத்தைத் தூக்கிட்டுப் போவணும்."

ஆகவே கூடு உறுதியாக இருக்க வேண்டும். தரையில் வைத்தால் கீரி, பாம்பு. தோணிக்காரன் ஒரு வழி சொன்னான். கரையோரம் அவனுடைய பழைய தோணி ஒன்று வெகுநாளாகக் கிடந்தது.

"எடுத்துக்க நைனா. செத்துப்போச்சு அது. தண்ணியில வெச்சா சல்லடை. கோழிக்கு இன்னா, நீச்சலா அடிக்கப் போவுது?"

தோணியை என் கொல்லையின் ஏரிப்பக்க ஓரத்துக்கு இழுத்து, மேலே ஓலைக் கூரை போட்டேன். பிறகு ஓட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு பாம்புக்கு வாசல். பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி, ஒன்றுவிடாமல் அடைத்தேன். என் வாழ்க்கையில் குறை வைக்காமல் முடித்த வேலை அது ஒன்றுதான். நடுவில் மண்சட்டியில் மணல் பரப்பி, சாவக முட்டைகளை அடுக்கினோம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் ஓரத்தில் செருகினாள். செவலை ஏறி உட்கார்ந்தது. சின்ன உடம்பை விரித்து, அத்தனை பெரிய முட்டைகளையும் மூடிக்கொண்டது.

குஞ்சு பொரிக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அடைமழை பிடித்தது. முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்ததால் ஏரி பொங்கிக் கொல்லைவரை வந்தது. மழை விட்ட காலையில் ஊரார் மண்வெட்டியோடு போய், ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிய மணல்மேட்டை வெட்டிவிட்டார்கள். நான் கோட்டைக்குப் போனேன்.

உச்சிவேளையில் காவலுக்கு நின்ற ஒல்லாந்துச் சிப்பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். ஏரியில் ஆளில்லாத தோணி ஒன்று ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. சிப்பாய் சிரித்தான். எவனோ சோம்பேறி கட்டாமல் விட்டிருக்கிறான் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு, கடமை தவறாமல் மதில்மேல் நின்று கத்தினேன்:

"யார் படகு? என்ன சரக்கு?"

உள்ளேயிருந்து, அடைக்கோழியைத் தொந்தரவு செய்தால் வருமே, அந்தக் கேறல் பதிலாக வந்தது.

அப்போதுதான் கூரையைப் பார்த்தேன். அவ்வளவு கோணலாக ஓலை வேய இந்த ஊரில் ஒரு ஆளுக்குத்தான் வரும். சரக்கு என்னவென்று சிப்பாய் கேட்டான். முட்டை என்றேன். படகு யாருடையது என்றான். அதற்குள் நான் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

தோணிக்காரன் துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். கையைக் காட்டினேன். அவன் பார்த்தான்.

"அட, நம்ம கூடு! நேரா முகத்துவாரத்துக்கு இல்ல போவுது! ஏறு, ஏறு!"

அவன் தன் தோணியில் கழியூன்ற, நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் பேர் சொல்லி அழைத்தேன். வடிகிற தண்ணீர் எங்களுக்கு முன்னால் கூட்டை இழுத்துக்கொண்டு போனது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் கடல். பத்துத் தலைமுறைக்கு நான் குடம் தூக்க வேண்டும்.

முகத்துவாரத்துக்கு இப்பால் ஒரு மணல்திட்டு. அங்கே பெண்கள் வரிசையாக நின்று இறால் துழாவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் இருந்தாள், பல்லில் பறியோடு. தன்னை நோக்கி வரும் கூட்டைப் பார்த்தாள். கேறலைக் கேட்டாள். "ம்ம்ம்ம்!" என்றாள். அதில் ஒரு கெட்ட வார்த்தை இருந்ததாக அவள் புருஷன் எனக்கு விளக்கினான். அடுத்த நொடி பறியைத் துப்பிவிட்டு, காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் ஏரிக்கே திரும்பிப் போக, தோணியின் விளிம்பைப் பாய்ந்து பிடித்தாள். அது அவளையும் இழுத்தது. இன்னும் இரண்டு பெண்கள் வந்து தொங்கினார்கள். கூடு நின்றது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாய்க்கு விடுதலை கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது.

"இன்னா கணக்கரே! முட்டை சாவகத்துதுன்னு என் கோழியையும் சாவகத்துக்கே கப்பலேத்திட்டியா?"

"கட்டி வைக்கணும்னு தோணலைம்மா. கோழிக்கூட்டை யார் கட்டி வைப்பாங்க?"

"தோணியை வெப்பாங்க இல்ல?"

"இது செத்த தோணின்னு உன் வீட்டுக்காரர்தானே சொன்னாரு?"

கூரைக்குள் கையை விட்டேன். செவலை அதே இடத்தில் அதே பரப்பில் இருந்தது. முட்டை உடைந்ததா என்று தடவப்போன என் விரலில் ரத்தம் வரக் கொத்தியது. பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவ்வளவு நிம்மதியாக நான் ரத்தம் சிந்தியதில்லை.

தோணிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. தோணிக்குள் குனிந்து அடிப்பலகையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சொட்டு இல்ல" என்றான். "நைனா, இன்னா பண்ண இதை?"

"பாம்பு வராம அடைச்சேன்."

"பாம்புக்கு அடைச்சானாம்!" என்று மனைவியிடம் சொன்னான். "இதை நான் திரும்ப எடுத்துக்கறேன். கோழிக்கு வேற பாத்துக்க."

எல்லாவற்றையும் கட்டியிழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தோம். என் மனைவி முட்டளவு தண்ணீரில் நின்றிருந்தாள். கோழியை எட்டிப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள், இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னை அப்புறம்தான் பார்த்தாள். ஊற்றுத் தண்ணீர் பிழைத்தது.

குஞ்சுகள் அந்தத் தோணியிலேயே பொரிந்தன. தோணிக்காரன் பொறுமையில்லாமல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தான். குஞ்சில் பாதி கோழிக்கு. மீதியில் தோணிப் பங்கு ஒன்று, கொட்டிப்போன இறாலுக்கு ஈடு ஒன்று, விளிம்பில் தொங்கிய பெண்களுக்கு ஆளுக்கொன்று. மீன்பிடியில் பங்கு பிரிக்கிற நியாயம் தவறாமல் பிரித்தார்கள். முட்டைக்காரனுக்கு இரண்டு குஞ்சு மிஞ்சின. நல்லவேளை, இரண்டும் பெட்டை.

சாவகத்துப் பருமனும் செவலையின் பிடிவாதமுமாக வளர்ந்தன. பகலெல்லாம் பக்கத்துக் கொல்லையில் இறால் தலையைப் பொறுக்கித் தின்றுவிட்டு, முட்டையிட மட்டும் என் வீட்டுக்கு வந்தன. பெரிய முட்டைகள்தான். உடைத்தால் மீன் வாசம் அடித்தது.

புதுக் கூட்டை மேட்டில் மண்சுவர் வைத்துக் கட்டினேன். ஏரி அங்கே வர வாய்ப்பில்லை, வந்தாலும் மண் மிதக்காது என்று என் மனைவிக்கு விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு பழைய வலைக்கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, கூட்டைப் பனைமரத்தோடு கட்டினாள்.