அத்தான் வாங்கிய ஸ்கோப்

என் அக்காவின் கணவர் சாமித்தம்பி ஒரு பொருளை வாங்கி முடிப்பதற்குள் அந்தப் பொருளே பழசாகிவிடும். தூசி உறிஞ்சும் மெசின் ஒன்று வாங்க மூன்று கோடை எடுத்தார். வாங்கி வந்தபோது கம்பனி அந்த மொடலையே நிறுத்தியிருந்தது. "நல்லதுதானே, இனி இதில புதுசா ஒரு பிழையும் வராது," என்றார். அத்தான் பெருந்தெருவில் கார் ஓட்ட மாட்டார். நான் ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பகுதியில், அவருக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். ஆகவே அவருடைய கடையலைச்சல் எல்லாவற்றுக்கும் நான்தான் சாரதி. சம்பளம் கிடையாது, புத்திமதி உண்டு.

அத்தான் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே அவரோடு வேலை செய்யும் றெமிஜியஸ் மன்னார்க்காரர். ஒவ்வொரு நவம்பரும் நாலைந்து பேரோடு வடக்கே காட்டுக்குப் போய், மரக்குடிலில் ஒரு கிழமை தங்கி, மான் சுட்டுக்கொண்டு வருவார். அந்த இறைச்சியை வறட்டல் கறியாக்கி மதியச் சாப்பாட்டில் பங்கு வைப்பார். அதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டே அத்தானுக்கு வேட்டை ஆசை வந்தது. வேறு ஆழமான காரணம் ஏதும் இருக்குமா என்று நானும் தோண்டிப் பார்த்தேன். இல்லை.

வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், பாஸானார். துவக்கு லைசென்சுக்கு மனைவியும் ஒப்பமிட வேண்டும். என் அக்கா மனோரஞ்சிதம் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கடைசி வரி வரைக்கும் வாசித்து, ஒப்பம் வைத்தாள். பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்:

"இது கவுண்மேந்துக்கு வைச்ச ஒப்பம். உங்களுக்கு வைச்ச ஒப்பமில்ல. துவக்கு இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது."

அக்கா சும்மா அடம்பிடிக்கிறவள் இல்லை. மட்டக்களப்பில் எங்கள் வீட்டுக்குள் துவக்கோடு ஆட்கள் வந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். "விசாரிச்சுப்போட்டு விடுறம்," என்று சொல்லிப் பெரியண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் விசாரித்து முடியவில்லை.

அத்தான் சரி என்றார். றெமிஜியஸின் பழைய துவக்கு ஒன்றை வாங்கி, அதை ஏஜக்ஸ் நகரில் றெமிஜியஸின் வீட்டு இரும்பு அலுமாரியிலேயே பூட்டி வைத்தார். போன நவம்பரில் வேட்டைக்குப் போகும் நாளும் வந்தது. செம்மஞ்சள் ஜக்கெற்றும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு அத்தான் வாசலில் நின்றார். "போயிற்று வாறன்," என்றார்.

எங்கள் வீடுகளில் அதற்கு ஒரே பதில்தான், "போயிற்று வாங்க." பால் வாங்கக் கடைக்குப் போனாலும் அதைக் காதில் வாங்காமல் ஒருவரும் வெளிக்கிடுவதில்லை. அக்கா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அத்தான் இன்னொரு முறை சொன்னார். வெங்காயம் முடிந்து பூடு தொடங்கியது. அத்தான் படியில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல் வைத்தார். கார் பழுது என்று றெமிஜியஸுக்கு என்னைக்கொண்டு பொய் சொல்லுவித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது.

"அவள் சொல்லாமல் போக மாட்டீங்களா அத்தான்?"

"எப்பிடிப் போறது?" என்றார். உண்மையாகவே என்னிடம் வழி கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

இந்த வருடம் மறுபடியும் தொடங்கினார். அந்தத் துவக்கில் குறி பார்க்க மேலே ஒன்றுமில்லை, ஸ்கோப் பூட்டித்தான் சுட வேண்டும். ஸ்கோப் என்பது ஒரு குழாய், இரண்டு பக்கமும் கண்ணாடி. வீட்டுக்குள் அது வரலாமா என்று அக்காவிடம் கேட்டார். "சுடுமா?" என்றாள். "சுடாது." "அப்ப வரட்டும்." 

இருநூறு டொலருக்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று அத்தான் தீர்மானித்தார். துவக்கை விட ஸ்கோப்புக்குக் கூடக் கொடுக்க வேண்டும் என்று றெமிஜியஸ் சொல்லிப் பார்த்தார். ஆனையை வாங்கின மனிசன் அங்குசத்துக்குப் பேரம் பேசினார்.

முதலாவது ஸ்கோப் இணையத்தில் வந்தது. இருபத்துநாலு மடங்கு பெருப்பிக்கும், பச்சை வெளிச்சம், சிவப்பு வெளிச்சம், கூடவே ஒரு டோர்ச்சும் இலவசம். அத்தான் அதைக் குளிர்பெட்டியில் கணவாய்ப் பைக்குப் பக்கத்தில் ஒரு இரவு வைத்தார். காலையில் எடுத்துச் சோற்றுப் பானை ஆவியில் காட்டினார். வெளிக் கண்ணாடியில் ஆவிப் புகார் படிந்தால் துடைக்கலாம், உள்ளே படிந்தால் குப்பை என்பது யூரியூப் வாக்கு. உள்ளே படிந்தது. திருப்பி அனுப்பினார். இலவச டோர்ச்சையும் அனுப்பினார், நேர்மையான மனிசன்.

இரண்டாவதுக்குக் கடைக்கே போனோம். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கோடியில் இருந்த சின்னக் கடை. கடைக்காரர் வயசான வெள்ளைக்காரர், பொறுமைசாலி. நாங்கள் போன நாளோடு அந்தப் பொறுமை கொஞ்சம் குறைந்திருக்கும். சுவரில் இருந்த மான் தலையைப் பார்க்கச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அத்தான் மறுத்துவிட்டார். லைற் வெளிச்சத்தில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான், மான் வருவது இருள் கவிகிற மம்மல் பொழுதில், அந்த நேரம் வெளியே நின்று பார்த்தால்தான் வாங்குவேன் என்றார். பொழுது படும் வரைக்கும் கடைக்குள் கதிரையில் இருந்தோம்.

தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ் தரிப்பு. அங்கே ஆட்கள் உட்காரும் வாங்கில் வீடு விற்கும் தமிழர் ஒருவரின் படம், கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். அத்தான் கடை வாசலில் நின்று ஒவ்வொரு ஸ்கோப்பாலும் அவருடைய மீசையைப் பார்த்தார். அதிக மடங்கு காட்டுகிறவை இருட்டில் அவரை மீசையே இல்லாதவர் ஆக்கின. மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு மட்டும் காட்டும் சாதாரணமான ஒன்றில்தான் மீசை மயிர் மயிராகத் தெரிந்ததாம். துவக்கு உதைக்கும்போது புருவம் வெடிக்காதபடி கண்ணை நாலு விரலுக்கு அப்பால் வைத்தும் பார்த்தார். படம் முழுசாகத் தெரிந்தது. விலை கொஞ்சம் கூட. பெட்டியில் ஒரு மூலை நசுங்கியிருப்பதைக் காட்டி, அதை இருநூறுக்கு இறக்கினார். வரும் வழியில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அத்தான் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு வீட்டில் சாப்பாட்டு மேசையில் வேறு கதை இல்லை. கண்ணாடியில் ஒரு பூச்சு இருக்கு, விரல் பட்டால் கெட்டுப்போகும், மூச்சு விட்டால் மங்கிவிடும், சீலையால் துடைத்தால் கீறல் விழும், கீறல் விழுந்தால் மான் நிற்கிற இடத்தில் பனி நிற்கும். அக்கா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். 

சரஸ்வதி பூசை வந்தது. அக்கா வழக்கம்போல் சாமித் தட்டுக்கு முன்னால் வீட்டு ஆயுதங்களை வைத்தாள். கார்ச் சாவி, மகன் கோகுலனின் லப்டொப், தையல் மெசின், தேங்காய் துருவி. காலையில் நானும் அவலுக்காகப் போனேன். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். நடுவில் ஸ்கோப். பெட்டியிலிருந்து எடுத்து, மூடிகளைக் கழற்றி, கண்ணாடியிலேயே பொட்டு. மெல்லிசாக இல்லை, நல்ல அப்பலாக. இரண்டு பக்கமும்.

எனக்கு வந்த கோபத்தில் அவல் தட்டைக் கீழே வைத்தேன். "அக்கா, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்? அந்தாள் எவ்வளவு பாடுபட்டு வாங்கினது!"

"சாமிக்கு முன்னால வைச்ச சாமான் பொட்டில்லாமலா இரிக்கும்? எது முகம், எது முதுகு எண்டு தெரியல்ல. அதால ரெண்டு பக்கமும் வைச்சன்."

அத்தான் குளித்துவிட்டு வந்தார். பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா கடலையைக் கிளறிக்கொண்டிருந்தாள். "வடிவா இரிக்கு," என்று சொல்லி, ஸ்கோப்பைக் குழந்தைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி, பெட்டிக்குள் வைத்து மூடினார்.

இந்த மனிசனுக்கு முதுகெலும்பே இல்லை என்று நான் முடிவு செய்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. கடைக்காரரிடம் போய்க் கண்ணாடி துடைக்கும் தூரிகையும் திரவமும் வாங்கி வந்து கொடுத்தேன். அத்தான் நன்றி சொல்லி அவற்றை மேசை லாச்சிக்குள் போட்டார். மறு கிழமை கேட்டேன், "இன்னும் இல்ல," என்றார். அதற்கடுத்த கிழமை கேட்டேன், "சாமிப் பொட்டு, கிடக்கட்டும்," என்றார்.

றெமிஜியஸ் தொலைபேசியில் கத்தியது எனக்கே கேட்டது. "சாமியண்ணை, உந்தக் குழாயால ஆனை நிண்டாலும் தெரியாது! உதோட வந்தால் ஒரு தோட்டாவும் தரமாட்டன். குடிலில இருந்து தேத்தண்ணி போடுறதுதான் உங்கட வேலை!"

"ஓம் தம்பி. சீனி அங்க இரிக்கா, நான் கொண்டாறதா?" என்றார் அத்தான்.

நவம்பர். அத்தானை ஏஜக்ஸில் கொண்டுபோய் விடுவதற்காகக் காலையிலேயே போனேன். செம்மஞ்சள் ஜக்கெற், சப்பாத்து, உடுப்புப் பை, ஸ்கோப் பெட்டி. போன வருடம் நின்ற அதே வாசல்.  இந்த முறையும் அந்த மனிசன் படியில் இருந்து சப்பாத்துக் கழற்றுவதை என்னால் பார்க்க முடியாது, அக்காவோடு சண்டை பிடிப்பது என்றே போயிருந்தேன்.

"போயிற்று வாறன்," என்றார் அத்தான்.

குசினியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அத்தானின் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தாள்.

"கண்ணாடியத் துடைச்சீங்களா?"

"இல்ல."

"திறந்து காட்டுங்க."

அத்தான் தயங்கவே இல்லை. திறந்து, மூடிகளைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். சந்தனம் காய்ந்து வெடித்து, மஞ்சள் செதிலாகக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. அக்கா ஒரு பக்கத்தால் கண் வைத்துப் பார்த்தாள். திருப்பி மற்றப் பக்கத்தாலும் பார்த்தாள். கடையில் அத்தான்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. எது முகம், எது முதுகு என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் கண்ணாடியை அடைத்திருக்கிறாள். அத்தானுக்கும் அது பூசை நாளன்றே தெரிந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கியது, கார்ச் சாவியைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பினேன்.

அக்கா தன் கையாலேயே இரண்டு மூடியையும் போட்டு, பெட்டியை மூடி, அவரிடம் கொடுத்தாள்.

"போயிற்று வாங்க."