நமத்துப்போகாத அப்பளம்

காக்ஸ் டவுனில் என் வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்த வீடு அது. போர்வெல் வறண்டதும் கொழுந்தன் முடிவாகச் சொல்லிவிட்டார். "அண்ணி, போர்ல திரும்பத் தண்ணி வந்தா வீடு இருக்கட்டும். இல்லன்னா பில்டருக்குக் குடுத்துடலாம். டேங்கரை நம்பி எத்தன நாள் ஓட்டுறது?" அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஆனால் என் வீட்டுக்காரர் விடுகிற ஆளா? பொம்மசந்திரா ஃபேக்டரி ஒன்றில் ஃபிட்டர், பிடித்தால் உடும்புப்பிடி. "பம்பு பாதியிலதான் தொங்கிச்சு. தண்ணி அடியில இருக்கு. கேமரா விட்டுப் பாத்துடலாம்" என்றார். அத்தனை ஆழத்துத் தண்ணீர் கேமராவை நசுக்கிவிடுமாம். அதற்காகக் கனத்த கண்ணாடி வைத்து இரும்பில் ஒரு டப்பா கடைந்தார். அது தாங்குமா என்று சோதிக்க, வீட்டுக்குப் பின்னால் தடித்த இரும்புக் குழாய் ஒன்று முளைத்தது. அடியில் வெல்டிங், மேலே போல்ட் போட்ட மூடி, பக்கத்தில் தண்ணீரை உள்ளே அழுத்த ஒரு கைப்பம்பு.

"குழாய்க்குள்ள துளி காத்து நிக்கக் கூடாது. நின்னா வெடிச்சிடும்."

"மாதாவே! இது வீடா, பட்டாசுக் கடையா?" என்று கத்தினேன்.

டப்பாவுக்குள் ஈரம் போனால் தெரிய வேண்டுமே. அந்த யோசனை என்னுடையது, சொல்லாமல் விடமாட்டேன். கேமராவுக்குப் பதில் பொரித்த அப்பளத் துண்டை வைத்து மூடி, டப்பாவைக் குழாய்க்குள் போட்டு அழுத்தினோம். முதலில் சொதசொதவென்று வந்தது. ரப்பர் வளையத்தை மாற்றிய பிறகு வந்த அப்பளம் என் பல்லில் மொறுக்கென்று உடைந்தது. "இனிமே எவ்ளோ தண்ணி இருந்தாலும் தாங்கும்டி!" என்று குதித்தார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கேமராவை இறக்கினோம். ராசிக்கு அதன் பின்னால் ஓர் அப்பளத் துண்டு. போனில் பாறை, பாறை, பாறை. பம்பு தொங்கிய இடத்தைத் தாண்டியும் பாறைதான். கடைசியில் அடி வந்தது. வெடித்துக் கிடந்த மண்.

தண்ணீர் நசுக்கிவிடும் என்று எப்படிப் பயந்தோம்! நசுக்க அங்கே தண்ணீரே இல்லை.

மேலே இழுத்ததும் துடைக்கத் துண்டு நீட்டினேன். டப்பாவில் தூசிதான் இருந்தது. அவர் அதைத் திறந்து அப்பளத்தை என்னிடம் காட்டினார்.

"பாத்தியா, கொஞ்சங்கூட நமத்துப்போகல" என்றார். சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

கொழுந்தனுக்கு நான்தான் போன் போட்டேன். "வித்துடலாம் தம்பி" என்றேன்.