எட்டாம் நாள் கோழி

இதை எழுதலாமா என்று கேட்பதற்காகவே போன மாதம் கற்பிட்டிக்கு பஸ் ஏறினேன். அந்த வீட்டில் எனக்குச் சொன்ன எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று ஒரு காலத்தில் கையெழுத்து வைத்தவள் நான். வேலை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் கையெழுத்து கையெழுத்துத்தான். அந்த வீட்டுத் தாய் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பேர் ஒண்டும் போடாதேங்கோ. வாசல் அடையாளத்தையும் மாத்துங்கோ. கோழியை மட்டும் மாத்தாம எழுதுங்கோ."

ஆகவே வாசலை மாற்றியிருக்கிறேன். கோழி அப்படியே இருக்கிறது.

யுத்தம் முடிந்து, எங்கள் வீதியில் சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இளநீர்க் கடை வந்திருந்த நேரம். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு, நியமனத்துக்காகப் பாலாவியில் வீட்டில் குந்திக்கொண்டிருந்தேன். வீட்டு வருமான, செலவு ஆய்வுக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாய்ப் போய் நின்றேன். பயிற்சியில் மற்றவர்கள் வெயிலையும் பஸ் காசையும் பற்றிக் கவலைப்பட, நான் கடைசி வரிசை வாங்கிலிருந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்த முறையே பிடித்துப்போயிற்று. நாட்டில் உள்ள எல்லாக் கதவையும் தட்ட முடியாது. அதனால் நாட்டைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, குலுக்கலில் சில துண்டுகளை எடுப்பார்கள். அந்தத் துண்டுக்குள் போய் மாடி, குடிசை, பூட்டிக் கிடக்கிற வீடு என்று ஒன்று விடாமல் எண் போட்டுப் பட்டியல் எழுதவேண்டும். பட்டியலில் இருந்து பத்து வீடு. எந்தப் பத்து என்பதைத் தீர்மானிப்பது எண்தான், நானில்லை. கதவு திறக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகலாமா? கூடாது. நாய் கடித்தாலும் அதே வீடுதான். இதையெல்லாம் ஒரே மாதத்தில் செய்துமுடிப்பதுமில்லை. வெங்காயம் கிண்டுகிற மாதத்தில் கேட்டால் கற்பிட்டி பணக்கார ஊர். கடல் கொந்தளிக்கிற மாதத்தில் கேட்டால் கஞ்சிக்கும் வழியில்லாத ஊர். அதனால் துண்டுகளை வருடம் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். முதன்முதலாக இதைக் கேட்டபோது, இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை யார் யோசித்தார்கள் என்று எனக்குக் கைதட்டவேண்டும் போல் இருந்தது.

எனக்குக் கிடைத்த துண்டு கருவாடு காயும் வாடிகளுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் நடுவில் ஒரு குறுக்கு வீதி. பத்தில் நான்காவது வீடு, வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு முஸ்லிம் குடும்பம். தகப்பன் வாடியில் கருவாட்டு வேலை. தாய், ஒரு மகள். ஒரே அடுப்பு, மூன்று பேர். ஒரு வியாழக்கிழமை சலாம் சொல்லி உள்ளே போய், வந்த காரணத்தைச் சொன்னேன். தாய் கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். முகம் மட்டும் இறுகியிருந்தது.

"பிள்ளை, எங்கட வீட்டை வெட்டிவிடுங்கோ. பக்கத்து வீட்டை எழுதுங்கோ. அதுகளும் நல்ல சனம்தான்."

"அப்பிடி மாத்த ஏலாது சாச்சி."

"நாங்கள் இஞ்ச வந்த நாள் தொட்டு எங்களை எழுதாத ஆள் இல்லை. எழுதினா நிவாரண அரிசி வரும். அரிசி வாற வீடு எண்டா என்ன வீடெண்டு ஊருக்குத் தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "மகளுக்கு ஒரு இடம் பேசி வருது. இந்த ஊர் ஆக்கள். மூண்டு வீடு தள்ளித்தான் இருக்கினம். இப்ப பாத்து நீங்க புத்தகத்தோட வந்து இருந்தா, அவை என்ன நினைப்பினம்?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "இஞ்ச சொல்றது ஒண்டும் வெளிய போகாது. அது என்ட பொறுப்பு."

அவர் என்னை நம்பவில்லை. ஆனாலும் சாப்பாட்டுக் கொப்பியை வாங்கிக்கொண்டார். வெள்ளி தொடங்கி அடுத்த வியாழன் வரை ஏழு நாளும் வீட்டுக்கு என்ன வந்தது, என்ன சமைத்தது, எவ்வளவு என்று அதில் எழுதவேண்டும். வாடியில் இருந்து சும்மா கொண்டுவருகிற கருவாட்டையும் எழுதவேண்டும். காசு கொடுக்காவிட்டாலும் அது வருமானம்தான்.

அந்த மூன்று வீடு தள்ளியிருந்த வீடு என் பத்தில் விழவில்லை. ஆனால் அந்த வீட்டு மாமி என்னை விட்டால்தானே? விறாந்தை முழுக்க வெங்காய மூட்டை. அதன் நடுவில் இருந்துகொண்டு, புதன்கிழமை கேற்றடியிலேயே என்னைப் பிடித்தார்.

"இந்தா புள்ள, இல்லாத வீடாத் தேடித் தேடித்தானே எழுதுற?"

"இல்ல மாமி. குலுக்கி எடுத்தது."

"குலுக்கி எடுக்க இது சீட்டா?"

நான் மூட்டையைக் காட்டினேன். "வெங்காயம் வாங்க வாற முதலாளி எல்லா மூட்டையையும் கொட்டியா பாப்பார்?"

"கொட்டினா நான் விடுவேனா? கைய உள்ளுக்க விட்டு அள்ளிப் பாப்பான்."

"ஏன் மேல ஈக்கிறத எடுக்கல்ல?"

"மேல நாங்க நல்லதத்தானே போட்டீக்கிறம்!" என்று சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு சிரித்தார்.

பயிற்சியில் இரண்டு நாள் நடத்திய பாடம் கேற்றடியில் அரை நிமிடத்தில் முடிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அப்ப எங்கட வீடு ஏன் கைல அகப்படல்ல? எஞ்சின் போட் ரெண்டு ஈக்கி, இத எழுத வேணாமா?" என்று மாமி கோபிக்கவும் செய்தார். அதற்குப் பிறகு, முட்டையும் கருப்பட்டியும் போட்டு அவித்த வட்டிலப்பம் ஒரு தட்டில் வந்தது. வட்டிலப்பத்துக்குப் பின்னால் கேள்வி வந்தது.

"அந்த வடக்கு வீட்டுக்கும் போறதானே. என்ன ஆக்கித் திங்கிறாங்க?"

"தெரியாது மாமி."

"கொப்பிய நீதானே பாக்கிற?"

"பாக்கிறது என்ட வேல. சொல்றது என்ட வேல இல்ல."

"நல்லாத் திங்கிறாங்களா, இல்லையா? தலைய மட்டும் ஆட்டு."

நான் தலையை ஆட்டவில்லை. வட்டிலப்பத்தை முழுக்கச் சாப்பிட்டேன். முகத்தில் ஒரு கோடு அசையாமல் பார்த்துக்கொண்டேன். வாய் ஓயாத எனக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். இந்த மாமியிடம் ஒரு சொல் சிந்தினால் மூன்று வீடு தள்ளி ஒரு கல்யாணம் நின்றுபோகும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் அன்று காலை வடக்கு வீட்டில் நான் பார்த்த கொப்பி பொய் சொல்லிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை கோழி ஒரு கிலோ. திங்கட்கிழமை இறால். செவ்வாய்க்கிழமை வட்டிலப்பம், ஆனால் முட்டை ஒன்றுகூட எழுதவில்லை. தேங்காய் இரண்டு நாளைக்கு ஒன்றுதான். அந்தத் தேங்காயில் சொதி வைக்கலாம், கோழிக்கறி வைக்க ஏலாது. பொய்யான பட்டியலில் பெரிய சாமான்கள் கூடும். உப்பு, மிளகாய்த்தூள், தேங்காய் இவற்றைக் கூட்ட ஒருவருக்கும் ஞாபகம் வராது. கண்டுபிடித்த பெருமையில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் முகத்துக்கு முன்னால் பொய் என்று சொல்லக்கூடாது, திரும்பக் கேட்கத்தான் வேண்டும் என்பது சட்டம்.

"கோழிக்குத் தூள் எழுதல்லையே சாச்சி?"

"வீட்டில இருந்த தூள்."

"முட்டை?"

"அதுவும் வீட்டில இருந்தது."

மகள் குசினிக்குள் போய்ச் சிரித்தது கேட்டது. கொப்பியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். தவறான கொப்பியோடு அலுவலகத்துக்குப் போகவேண்டி வருமோ என்ற எண்ணம் பாலாவி வரைக்கும் பஸ்ஸில் கூடவே வந்தது.

ஏழாம் நாள் வியாழக்கிழமை. நான் போனபோது தாய் வாசலிலேயே நின்றார்.

"அவ வந்தவ" என்றார். எவ என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. "நேற்று வந்து இருந்து, உங்களைத்தான் ஏசினவ. வட்டிலப்பம் குடுத்தும் ஒரு சொல் கழட்ட ஏலாமப் போச்சாம். வாய் தைச்ச பிள்ளையாம்."

"ஏசினாவா?"

"ஏசின மாதிரித்தான் தெரிஞ்சுது. பிறகு, இப்பிடி ஒரு பிள்ளை நம்மட வீட்டிலயும் வேலைக்கு ஈக்கணும் எண்டும் சொன்னவ." கதிரையை எனக்குத் தள்ளிவிட்டுத் தானும் இருந்தார். "பிள்ளை, ஒண்டு கேக்கட்டா? நாட்டில இவ்வளவு வீடு இருக்கு. எங்கட ஒரு வீட்டை எழுதி என்ன காணப்போறீங்கள்?"

நான் காத்திருந்த கேள்வி அது. "உங்கட வீடு தனியாக் கதைக்கல்ல சாச்சி. உங்களப் போல எழுதாம விட்ட எத்தனையோ வீட்டுக்காகவும் சேத்துத்தான் கதைக்குது. இந்தக் கொப்பியில உள்ளத அந்த வீடுகளுக்கும் சேத்துப் பெருக்குவாங்க."

தாய் கொப்பியை எடுத்துச் சனிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினார்.

"அப்ப நான் எழுதின கோழி?"

"அந்த வீடெல்லாத்துக்கும் போகும்."

"அல்லாஹ்வே!" கன்னத்தில் கை வைத்தார். "இல்லாத சனத்தின்ர சட்டியில எல்லாம் கோழியைப் போட்டிட்டன். இவங்கள் நல்லாத்தான் திண்டுகொண்டு இருக்கிறாங்கள், இவங்களுக்கு ஏன் ஒண்டும் குடுப்பான் எண்டு சொல்லுவாங்களே!"

"நான் அப்பவே சொன்னன் உம்மா, இறால் வேண்டாமெண்டு" என்று மகள் பேனையோடு வந்து நின்றாள். கொப்பியை எழுதியவள் அவள்தான்.

கோழி வெட்டப்பட்டது. இறால் வெட்டப்பட்டது. வட்டிலப்பம் போன இடத்தில், சும்மா வந்த கருவாடும் பேக்கரிப் பாணும் பருப்பும் வந்தன. ஒவ்வொரு வெட்டுக்குப் பக்கத்திலும் தாய் ஒப்பம் வைத்தார். தேங்காயை ஒருவரும் தொடவில்லை. அது முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது.

வருமானப் பகுதி கடைசி. அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை போனேன். மாதம் எவ்வளவு வருகிறது என்று மொட்டையாகக் கேட்டால் "அல்லாஹ் தாறதுதான்" என்றுதான் பதில் வரும். அதனால் துண்டு துண்டாகக் கேட்கவேண்டும்: வாடிக்கு எத்தனை நாள், நாளுக்கு என்ன, காத்து அடித்தால் என்ன, மகள் தைக்கிறாளா. இந்த முறை ஒன்றையும் மறைக்காமல் பதில் வந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே குசினியில் இருந்து ஒரு வாசம் எழும்பியது. கறுவா, ஏலம், தேங்காய்ப்பால்.

தாய் சட்டியின் மூடியைத் திறந்தே காட்டினார். "கோழி! ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் பேச்சு முடிக்க வருகினம். இதை எழுதுங்கோ."

"ஏலாது சாச்சி. ஏழு நாளும் நேற்றோட முடிஞ்சுது."

"கண்ணுக்கு முன்னால கொதிக்குது, எழுத ஏலாதா?"

"எழுத ஏலாது. சாப்பிட ஏலும்."

சாப்பிட்டேன். அதுவும் கொப்பியில் இல்லை. படிவங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு வெளியே வர, வெங்காய வீட்டு மாமி புதுச் சேலையில், பலகாரத் தட்டோடு கேற்றடிக்கு வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"இப்பவாச்சும் சொல்லு புள்ள. என்ன ஆக்கீக்கிறாங்க?"

"உள்ளுக்குப் போய் மணம் பிடிச்சுப் பாருங்க மாமி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.