ஏரலுக்குக் கொண்டுபோன ஃபைல்

என் அண்ணன் தொலைக்காட்சி நடிகன். இதை யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிவிடுகிற வியாதி எனக்கு இருந்தது. கல்லூரி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளிடம், ஜெராக்ஸ் கடைக்காரரிடம், ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு டாக்டரிடம். தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிது. அண்ணன் வருகிற தொடர் ஓடும்போது ஜன்னலைத் திறந்துவைத்துச் சத்தத்தைக் கூட்டுவேன், தெருவுக்கே கேட்கட்டும் என்று. அவன் கதாநாயகன் இல்லை. கதாநாயகனின் சிநேகிதன், கைமாற்று கேட்டு வருகிற மைத்துனன், வேலை போன குமாஸ்தா. சில வாரம் வருவான், பிறகு கதையில் அவனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அதனால் என்ன? வந்த வாரங்களில் அவனைப்போல அழ ஆள் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

அவனுக்குப் பெண் தேட ஆரம்பித்த பிறகுதான் நடிகன் என்ற சொல்லை மற்ற வீடுகள் எப்படிக் கேட்கின்றன என்று தெரிந்தது.

"தங்கமான பையன்னு சொல்லுதேன், கேக்காக. என்ன சோலின்னு சொன்னதும் தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிச்சிருதாக," என்றார் தரகர்.

"மெட்ராஸ்ல கம்பெனில இருக்கான்னு சொல்லப்படாதா?" என்றாள் அம்மா.

"எப்படிம்மா சொல்ல? வாரா வாரம் டி.வி.ல வந்து நிக்கானே!"

கடைசியில் ஏரலில் ஒரு குடும்பம் மட்டும் வரச் சொன்னது. பெண் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அப்பா இல்லை. தாய்மாமாதான் எல்லாம் பார்ப்பவர். அந்த வீட்டில் தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், கூட்டுறவு வங்கி என்று ஆளுக்கொரு நியமன உத்தரவு பெட்டியில் பத்திரமாக இருந்தது. அவர் தரகரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "ஆபீஸ் இல்லாத உத்தியோகம், சரி. செய்யுத வேலைக்குன்னு ஏதாவது பேப்பர் இருக்குமுல்லா? அதக் கொண்டாரச் சொல்லும்."

இதில் கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை என்றே எனக்குப் பட்டது. குதித்தேன். இத்தனை நாள் வாயால் சொன்னதையெல்லாம் தாளில் காட்டப்போகிறோம்!

அண்ணன் மெட்ராஸிலிருந்து வந்ததும் அவனுடைய ரெக்ஸின் பையை வாங்கிக் கூடத்துத் தரையில் கவிழ்த்தேன். அரசுத் தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பந்தத் தாள்கள். கார்பன் வைத்து எழுதிய வசனப் பக்கங்கள், அதாவது சீன் பேப்பர்கள், நீலம் அழிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. வவுச்சர்கள். விசிட்டிங் கார்டு, அதில் பக்கத்து வீட்டுப் போன் நம்பர். அம்மா எழுதிய கடிதம், பின்பக்கம் பென்சிலில் யாருடைய வசனமோ. போன ஞாயிறு பார்த்த சட்டையிலேயே அடுத்த காட்சிக்கும் வர வேண்டும் என்பதற்காக எடுத்துவைக்கிற படங்கள், அவன் கைதியாக, அவன் மாப்பிள்ளையாக, அவன் குடித்துவிட்டுப் படிக்கட்டில்.

சொந்தம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் என்று பிரிக்க உட்கார்ந்தேன். நினைத்ததுபோல் எளிதாக இல்லை. ஒரு டாக்டர் சீட்டைக் காட்டி, "இது எந்தத் தொடர்ல?" என்றேன்.

"அது நெசம்ட்டி. மஞ்சக்காமாலை. அம்மாட்ட சொல்லாத," என்றான், ஃபேன் சத்தத்தில் அடுக்களைக்குக் கேட்காதபடி பைய.

அதை மடித்துப் பையின் அடியில் வைத்தேன். அதைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. என் வேகத்தில் அது ஒரு தாள், அவ்வளவுதான்.

விவரமாகத்தான் செய்தேன். இரண்டு தொடர்களில் இரண்டு பெண்களோடு மாலை மாற்றிய கல்யாணப் படங்களை எடுத்து ஒளித்தேன். கைதியையும் குடிகாரனையும் எடுத்தேன். முதலாளி வீட்டில் திருட்டுப்பழி சுமந்து, அவர் காலைப் பிடித்து அழுகிற கணக்குப்பிள்ளையின் சீன் பேப்பரை வைத்துக்கொண்டேன். அந்தக் காட்சி வந்த மறுநாள் எங்கள் வகுப்பில் ஐந்தாறு பேருக்குக் கண் வீங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஃபைலைத் திறந்ததும் கண்ணில் படும்படி, அந்தத் தொடரின் இயக்குநர் தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த பாராட்டு. கிளிசரின் போடாமல், கேட்ட நேரத்தில், கேட்ட கண்ணில் கண்ணீர் கொண்டுவரக்கூடிய அபூர்வமான கலைஞர் என்று எழுதியிருந்தார். இதைவிடப் பெரிய நியமன உத்தரவு எது? பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தேன்.

அப்பா, அம்மா, அண்ணன், நான். ஸ்ரீவைகுண்டம் வழி பஸ்ஸில் வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போனோம். ஃபைல் என் மடியில். கண்டக்டர் அண்ணனைக் கண்டுகொண்டு, "நீங்க அந்தக் கணக்குப்பிள்ளைல்லா? எங்க வீட்டுக்காரி மூணு நாளு எங்கிட்ட நல்லா பேசுனா, ஒங்களப் பாத்துட்டு," என்றார். அப்பாகூடச் சிரித்தார். இது நல்ல சகுனம் என்று அம்மா என் காதில் சொன்னாள்.

ஏரலில் வீடு வெள்ளையடித்துப் புதிதாக இருந்தது. ஆண்கள் முன்கூடத்தில் நாற்காலியில். அம்மாவும் நானும் உள்ளே, கூடம் தெரிகிற அறையில், பெண்ணோடும் பெண்ணின் அம்மாவோடும். கேசரி வந்தது. பெண் என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். மருதாணி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துப் பேசினாள். எனக்குப் பார்த்த நிமிடமே பிடித்துப்போனது.

மாமா ஃபைலைத் திறந்தார். முதல் தாளைக் கண்ணாடி போட்டு உரக்கப் படித்தார், தபால் ஆபீஸ்காரர் தந்தி படிக்கிற மாதிரி. 'கிளிசரின்' வந்த இடத்தில் நிறுத்தி, "அப்படின்னா என்ன தம்பி?" என்றார். அண்ணன் விளக்கினான். "அப்ப, ஒண்ணும் போடாமலே ஒங்களுக்கு வந்திருமா?"

"வந்திரும் சார்."

"எங்க, எங்களுக்காக ஒரு தடவ அழுது காட்டுங்களேன் பாப்பம்."

அப்பா தொண்டையைச் செருமினார். அண்ணன் சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் அவனுக்கு இது புதிதல்ல. மெட்ராஸில் வாய்ப்புக் கேட்டுப் போகிற ஆபீஸிலெல்லாம், எங்க, ஒண்ணு செஞ்சு காட்டு என்றுதான் சொல்வார்களாம். சொன்னதும் செய்கிறவனுக்குத்தான் வேலை. அவன் எழுந்து நின்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, கணக்குப்பிள்ளை!" என்றேன்.

அந்தக் கூடத்தில் அவன் செய்தது டி.வி.யில் வந்ததைவிட நன்றாக இருந்தது. முதலில் குரல் மட்டும் இறங்கியது. பிறகு கண் நிறைந்தது, வழியாமல் நின்றது. "நான் எடுக்கலை முதலாளி, எம் பிள்ளைங்க மேல சத்தியமா எடுக்கலை" என்று சொல்லும்போது வழிந்தது. வசனத்தில் உள்ளபடி தரையில் விழுந்து, எதிரே இருந்த மாமாவின் கால் இரண்டையும் பிடித்தான். அவர் திடுக்கிட்டு நாற்காலிமேல் காலைத் தூக்கிக்கொண்டார். தூக்கிய காலைத் தேடி இவன் கை நீண்டது, ஏனென்றால் காட்சி இன்னும் முடியவில்லை.

அப்பா சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த வீட்டில், பெண்ணின் மாமா காலடியில், தன் மகன் அழுகிறான். அவர் காதின் பின்பக்கம் சிவந்திருந்தது எனக்கு உள்ளேயிருந்து தெரிந்தது. அதுவரை எனக்கு அண்ணனை நினைத்து வெட்கம் என்று ஒன்று வந்ததே கிடையாது. அன்று உடம்பெல்லாம் சூடாக வந்தது. யாராவது போய் அவனைத் தூக்கிவிட மாட்டார்களா என்றிருந்தது. நானே போயிருக்கலாம். போகவில்லை.

முடித்துவிட்டு எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினான். மாமாவே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மாவும் அழுதிருந்தாள். அண்ணன் அதற்குள் முகம் காய்ந்து, சாதாரணமாகி, காபித் தம்ளரை எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வேகத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

பெண் என்னிடம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்: "ஒங்க அண்ணன் வீட்ல அழுதா எப்படி அழுவாரு?"

அவள் கேட்டது எனக்கு விளங்கவில்லை. என் வாய் எப்போதும்போல் முந்திக்கொண்டது. "இதே மாதிரிதான்! ஒரு வித்தியாசமும் தெரியாது. அதான் அவன் திறமையே."

அவள் தலையசைத்தாள். கேசரித் தட்டை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க," என்றாள். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"போயி லெட்டர் போடுதோம்," என்று சொல்லி வெளியே வந்தோம். பஸ் நிற்குமிடத்தில் அண்ணன் என் பக்கமாக வந்து, "எப்படிட்டி இருந்துச்சு? கடைசில காலப் பிடிச்சது கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றான். அவன் கண்ணில் வெளிச்சம். எல்லோரும் அழுதார்கள் என்றால் தேறிவிட்டோம் என்பதுதான் அவன் அறிந்த கணக்கு.

அப்பா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏலே, நாம போனது பொண்ணு பாக்க. வேலை கேக்கப் போகல."

அவன் முகம் அப்போதுதான் விழுந்தது.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். முற்றத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றார். அதிலேயே தெரிந்துவிட்டது.

"பையனக் கொற சொல்லல கேட்டியளா. பொண்ணோட அம்மாதான் தயங்குதா. நெனச்ச நேரம் கண்ணுல தண்ணி வருது, நெனச்ச நேரம் நிக்குது. நாளப்பின்ன ஒரு தப்பப் பண்ணிட்டு எம் பொண்ணு முன்னால அழுதாம்னா, அவ எத வச்சு நம்புவான்னு கேக்கா. அந்தப் பிள்ளையும் வேண்டாம்னுட்டு. நான் என்னத்தச் சொல்ல?"

அண்ணன்தான் முதலில் சிரித்தான். "நல்லா நடிச்சதுக்குப் பெயிலான மொத ஆளு நான்தாம்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தரகருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தான்.

மத்தியானம் துணி எடுக்கப் பின்வாசலுக்குப் போனேன். துவைகல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். அழுதுகொண்டிருந்தான்.

நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவனுக்கு என்னைவிட யாரும் நெருக்கம் கிடையாது. நான் நின்ற இடத்திலேயே நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். கண் நிறைந்து, வழியாமல் நின்று, பிறகு வழிந்தது. கணக்குப்பிள்ளைக்கு வழிந்த அதே மாதிரி. ஒரு வித்தியாசமும் இல்லை. நான் வருவது தெரிந்துதான் திரும்பினானோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை நான் தடுக்கவில்லை. வித்தியாசம் எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினேன். எத்தனை நேரம் தேடினேனோ.

நான் எதைத் தேடுகிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முகங்களைப் படித்தே பிழைக்கிறவன், என் முகமா புரியாது? அழுகை நின்றது. வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவினான். "ஏட்டி, துணிய எடுத்துட்டுப் போ, காஞ்சிட்டு," என்றான். சாதாரணக் குரல்.

மறுநாள் ஃபைலைப் பிரித்துத் தாள்களையெல்லாம் பழையபடி ரெக்ஸின் பையில் கலந்து போட்டுக்கொண்டு மெட்ராஸ் போனான். நான் ஒளித்துவைத்த கல்யாணப் படங்களையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டான். அவனுக்கு அவை வேலைக்கு வேண்டும். அதன்பிறகு அவனுக்குச் சிரிப்பு வேடங்கள் வர ஆரம்பித்தன. அவனாகவே கேட்டு வாங்குகிறான் என்று அவனுடைய சிநேகிதர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் யாராவது கேட்டால் மட்டும், ஆமாம், அண்ணன்தான் என்பேன்.

போன வருடம் அப்பா தவறிப்போனார். அண்ணன் பகல் ரயிலைப் பிடிக்க முடியாமல் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தான். வந்தவன் அப்பாவின் பக்கத்தில் நின்றான். பிறகு பாடைக்கு வேண்டிய ஏற்பாடுகளைப் பார்த்தான், வந்தவர்களை உட்காரவைத்தான், அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தான். முகம் காய்ந்தே இருந்தது. ஆற்றங்கரைக்குப் போய்க் கொள்ளி வைத்துத் திரும்பியபோதும் காய்ந்தே இருந்தது.

வீடு நிறையப் பெண்கள். அத்தை என் தோளில் சாய்ந்து மூக்கைச் சிந்திவிட்டுக் காதோரம் சொன்னாள்: "டி.வி.ல என்னா அழுக அழுதான். பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு விடுதானா பாரு, கல்லு மாதிரி நிக்கான்."

பக்கத்தில் இருந்தவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். அண்ணனுக்காகச் சண்டைக்குப் போகிறவள் நான்தான் என்று சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். கூடத்தின் அந்தப் பக்கம் அவன் யாருக்கோ நாற்காலி விரித்துக்கொண்டிருந்தான். அத்தை சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கும், அவ்வளவு சின்ன வீடு. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.